கம்யூனிட்டி காலேஜில் கம்யூனிகேஷன் ஸ்டடீஸ்: டிரான்ஸ்ஃபருக்கு முன் பாடங்களை வரிசைப்படுத்துவது எப்படி

இது கலிபோர்னியாவுக்கு மட்டும் எழுதியது. வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு வரிசை ஓரளவு பொருந்தும், விதிகள் பொருந்தாது.

கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு வருடம் படித்துவிட்டு மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடிப்பதைத்தான் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். என் மகள் பே ஏரியா (சான் பிரான்சிஸ்கோ வட்டாரம்) கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் படித்து கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) பல்கலைக்கழகத்துக்கு மாறினாள். அவளுக்குப் போட்ட அட்டவணையை மூன்று முறை அழித்து எழுதினோம். பிறகு தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கும் உட்கார்ந்து அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அவர்களில் பாடத்தில் தோற்றவர் யாருமில்லை. எல்லோரையும் இடறியது வரிசைதான். அவள் படித்த காலத்து விதிகள் 2025 ஃபால் (இலையுதிர்காலப்) பருவத்தோடு பெரிதும் மாறிவிட்டன. கீழே இருப்பவை புது விதிகள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பள்ளி டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), ஏபி தேர்வு (பள்ளியிலேயே எழுதும் காலேஜ் நிலைத் தேர்வு) மதிப்பெண்கள், பள்ளியில் இருந்தபோதே காலேஜில் எடுத்த பாடங்களின் கிரேடுகள். மூன்றாவதைத்தான் மறக்கிறார்கள். பதினோராம் வகுப்பு சம்மரில் விளையாட்டாக எடுத்து டி வாங்கிய பாடம்கூட காலேஜ் பதிவில் நிரந்தரமாக இருக்கும். டிரான்ஸ்ஃபர் ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரியில்) அதுவும் சேரும்.

அடுத்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட். ஆறு பத்திகள் போதும்: பாட எண், யூனிட் (பாடத்தின் அளவு), பொதுக்கல்விப் பகுதி (எல்லா மாணவருக்கும் பொதுவான பாடங்கள்), மேஜர் (முதன்மைத் துறை) பட்டியலில் உண்டா, எந்தப் பருவம், கிரேடு. ஒரே பாடம் இரண்டு மூன்று இடத்தில் கணக்காவதை இந்தத் தாளில்தான் பார்க்க முடியும்; தலைக்குள் வைத்துச் சமாளிக்க முடியாது.

ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் தனியாக நுழைவுத்தேர்வு இருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். 2017-ல் நிறைவேறிய ஏபி 705 (அசெம்பிளி மசோதா 705; ஏபி தேர்வு வேறு) சட்டத்துக்குப் பிறகு பள்ளி மதிப்பெண்ணை வைத்தே டிரான்ஸ்ஃபர் நிலைப் பாடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் முதல் பருவத்திலேயே கணக்கில் வரும் பாடங்களைத் தொடங்கலாம்.

2. மேஜரின் பெயரைப் பிரித்துப் பாருங்கள்

நம் வீடுகளில் கம்யூனிகேஷன் என்றாலே விஸ்காம் நினைவுக்கு வரும்: கேமரா, எடிட்டிங், விளம்பரம். கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் அது இல்லை. மேடைப்பேச்சு, விவாதம், இருவருக்கு இடையிலான பேச்சு, குழுவில் முடிவெடுப்பது, பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடல் ஆகியவற்றை ஆராயும் படிப்பு இது. படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளையை இதில் சேர்த்துவிட்டு இரண்டாம் வருடம் வருந்திய வீடு ஒன்றை எனக்குத் தெரியும்.

ஒரே வளாகத்துக்குள்ளேயே பெயர்க் குழப்பம் உண்டு. ஃபுல்லர்டன் கால் ஸ்டேட்டில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ துறை என்பது விளம்பரம், மக்கள் தொடர்பு, இதழியல். நாம் பேசும் படிப்புக்கு அங்கே ‘ஹ்யூமன் கம்யூனிகேஷன் ஸ்டடீஸ்’ என்று தனித்துறை இருக்கிறது. விண்ணப்பத்தில் ஓர் எழுத்து மாறினால் துறையே மாறிவிடும்.

யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) பக்கம் டேவிஸ், லாஸ் ஏஞ்சலஸ், சான்டா பார்பரா, சான் டியேகோ வளாகங்களில் ‘கம்யூனிகேஷன்’ உண்டு. பெர்க்லியில் அந்தப் பெயரில் மேஜர் இல்லை. பக்கத்தில் வருவது ‘மீடியா ஸ்டடீஸ்’. டேவிஸ், சான்டா பார்பரா போன்ற துறைகள் சமூக அறிவியல் ஆராய்ச்சியை முன்னால் வைப்பவை. மேடைப்பேச்சில் கில்லாடி என்பதை நம்பி மட்டும் அங்கே போனால் புள்ளியியலில் மூச்சுத் திணறும்.

ஆகவே முதலில் நான்கு வளாகங்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கால் ஸ்டேட், இரண்டு யூசி என்றால் நல்லது. ஒவ்வொன்றிலும் மேஜரின் முழுப்பெயரை அச்சில் உள்ளபடியே எழுதி வையுங்கள். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்து வரும் ஒவ்வொரு படியிலும் இந்தப் பெயரைத்தான் தேடப் போகிறீர்கள்.

3. சேரும் நாளை விடுங்கள், விண்ணப்ப நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

2026 ஃபாலில் காலேஜ் தொடங்கி 2028 ஃபாலில் பல்கலைக்கழகம் போவதாக வைத்துக்கொள்வோம். கால் ஸ்டேட் விண்ணப்பம் 2027 அக்டோபர் 1 அன்று திறக்கும், டிசம்பர் தொடக்கம் வரை ஓடும். யூசி விண்ணப்பத்தை ஆகஸ்டிலிருந்தே நிரப்பலாம், அக்டோபர், நவம்பரில் அனுப்ப வேண்டும்.

அப்போது பிள்ளையின் கையில் என்ன இருக்கும்? 2026 ஃபால், 2027 ஸ்பிரிங், எடுத்திருந்தால் ஒரு சம்மர். அவ்வளவுதான். படிப்பது இரண்டு வருடம், விண்ணப்பத்தில் கிரேடாகத் தெரிவது ஒரு வருடம். ‘முதல் வருடம் பழகிக்கொள்ளட்டும், இரண்டாம் வருடம் ஏற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

பழக நேரம் தேவைப்படும் பிள்ளையென்றால் மூன்று வருடத் திட்டம் போடுவதில் ஒரு கேவலமும் இல்லை. அதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும், நடுவழியில் அல்ல.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: காலேஜ் செமஸ்டர் முறையா, வருடத்தை இன்னும் சிறு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையா? கூபர்டினோவின் டி ஆன்ஸாவும் பக்கத்திலுள்ள ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறை. ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம். டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய 60 செமஸ்டர் யூனிட் அங்கே 90. டி ஆன்ஸாவில் 60 முடித்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைத்த பையனுக்கு அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது.

4. அசிஸ்ட் தளத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்த யூசி, கால் ஸ்டேட் பாடத்துக்கு ஈடு என்பதன் அதிகாரபூர்வமான பதிவு அசிஸ்ட் தளம். வருடம், உங்கள் காலேஜ், போக விரும்பும் வளாகம், மேஜர் என்று நான்கையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்தியாக ஒரு தாள் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் உங்கள் காலேஜில் அதற்கு ஈடானது.

வலப்பக்கத்தில் ஈடான பாடம் இல்லை என்று வந்தால் பதற வேண்டாம். உங்கள் காலேஜில் அப்படி ஒரு பாடம் இல்லை என்பதே பொருள். பக்கத்து காலேஜில் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் பெரும்பாலும் மாறிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

‘மற்றும்’ என்று இரண்டு பாடங்களை இணைத்திருக்கும் இடத்தில் கவனம் வேண்டும். அங்கே இரண்டும் சேர்ந்துதான் ஒரு பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு. ஒன்றை மட்டும் எடுத்தால் யூனிட் கிடைக்கும், தேவை நிறைவேறாது. ‘அல்லது’ என்று இருந்தால் மற்ற வளாகங்களின் தாளிலும் வருகிற பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பாட எண்களில் இப்போது ஒரு புதுச் சிக்கல். 2025 ஃபாலிலிருந்து சில பாடங்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே எண். மேடைப்பேச்சு எல்லா காலேஜிலும் ‘காம் சி1000’. முதல் ஆங்கிலப் பாடம் ‘எங்ல் சி1000’, அடுத்தது ‘சி1001’. புள்ளியியல் ‘ஸ்டாட் சி1000’, உளவியல் அறிமுகம் ‘சைக் சி1000’, அமெரிக்க அரசாங்கம் ‘போல்ஸ் சி1000’. பழைய வருடத்து அசிஸ்ட் தாளில் காலேஜின் பழைய எண்தான் இருக்கும். அதைத் தேடிக் கிடைக்காமல், பாடத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

தனியார் பல்கலைக்கழகங்கள் அசிஸ்டில் இல்லை. யூஎஸ்சி (சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) போன்றவை தங்கள் தளத்தில் தனிப்பட்டியல் வைத்திருக்கின்றன.

நான்கு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கு மேற்பட்டதில் வரும் பாடங்களை மஞ்சளில் அடியுங்கள். முதலில் அட்டவணைக்குள் போக வேண்டியவை அவைதான்.

5. ஏஏ-டி பட்டம் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

2010-ல் வந்த எஸ்பி 1440 சட்டம் டிரான்ஸ்ஃபருக்கென்றே ஓர் இணைநிலைப் பட்டத்தை உருவாக்கியது. நம் மேஜரில் அதன் பெயர் ஏஏ-டி (அசோசியேட் இன் ஆர்ட்ஸ் ஃபார் டிரான்ஸ்ஃபர்). மொத்தம் 60 செமஸ்டர் யூனிட், அதில் மேஜர் பாடங்கள் குறைந்தது 18 யூனிட், ஜிபிஏ குறைந்தது 2.0.

இது தரும் உறுதியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். கால் ஸ்டேட் அமைப்பில் ஏதாவது ஓர் இடம் கிடைக்கும் என்பதே உறுதி. நீங்கள் கேட்ட வளாகம் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. லாங் பீச், சான் டியேகோ போன்ற கூட்டம் மிகுந்த வளாகங்களில் போட்டி போட்டே நுழைய வேண்டும்.

இரண்டாவது உறுதி, போன பிறகு இன்னொரு 60 யூனிட்டில் இளநிலைப் பட்டத்தை முடிக்கலாம் என்பது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் சேரும் மேஜரை அந்த வளாகம் உங்கள் ஏஏ-டியோடு ‘ஒத்த’ மேஜர் என்று ஏற்றிருக்க வேண்டும். கம்யூனிகேஷன் ஸ்டடீஸில் ஏஏ-டி வாங்கிவிட்டு மக்கள் தொடர்புக்கு விண்ணப்பித்தால் இந்த 60 யூனிட் உறுதி நழுவிவிடலாம். வளாகம் வாரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து: கால் ஸ்டேட்டுக்கு அரைமனது இருந்தால்கூட ஏஏ-டிக்கே திட்டமிடுங்கள். யூசி மட்டுமே குறி என்றால், துறை கேட்கும் ஆயத்தப் பாடங்களுக்கு முதலிடம், பட்டத்துக்கு இரண்டாமிடம். இரண்டும் மோதினால் பட்டத்தை விட்டுவிடலாம்.

மேஜர் பட்டியலைப் படிக்கும்போது ஒரு சொல்லில் நம்மவர்கள் சறுக்குவார்கள். ‘ஃபொரன்சிக்ஸ்’ என்று ஒரு பாடம் இருக்கும். ஒரு அப்பா என்னிடம், “ஏங்க, இதுல எதுக்குங்க பிரேதப் பரிசோதனை?” என்று கேட்டார். அது பேச்சு, விவாதப் போட்டிகளுக்குப் போகும் அணி. வாரயிறுதிகள் பறிபோகும். ஆனால் விவாதத்தில் ஆர்வம் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் அதைவிட நல்ல பாடம் கிடையாது. அது யூசிக்கும் யூனிட்டாகச் செல்லுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில பாடங்கள் கால் ஸ்டேட்டுக்கு மட்டுமே செல்லும். அசிஸ்டில் யூசிக்குச் செல்லும் பாடங்களின் பட்டியல் தனியாக இருக்கிறது.

6. பொதுக்கல்வியை கால்-கெட்சிப்படி மட்டும் போடுங்கள்

2025 ஃபாலிலோ அதற்குப் பிறகோ தொடங்குபவர்களுக்கு யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் ஒரே பொதுக்கல்வித் திட்டம்: கால்-கெட்சி. 11 பாடங்கள், 34 செமஸ்டர் யூனிட். ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல் வேண்டும்.

பகுதி 1-ல் ஆங்கில எழுத்து (1ஏ), விமர்சனச் சிந்தனையோடு எழுதுதல் (1பி), வாய்மொழிப் பேச்சு (1சி) என்று மூன்று. பகுதி 2 கணக்கு. பகுதி 3-ல் கலை ஒன்று (3ஏ), ஹ்யூமானிட்டீஸ் ஒன்று (3பி). இந்த இரண்டாவதில் இலக்கியம், தத்துவம், வரலாறு போன்றவை வரும். பகுதி 4-ல் சமூக அறிவியல் இரண்டு, இரண்டும் வெவ்வேறு துறையாக இருக்க வேண்டும். பகுதி 5-ல் இயற்பியல் சார்ந்த அறிவியல் ஒன்று, உயிரியல் சார்ந்தது ஒன்று, இரண்டில் ஒன்றுக்காவது ஆய்வகம். பகுதி 6 எத்னிக் ஸ்டடீஸ் (அமெரிக்க இனக்குழுக்கள் பற்றிய படிப்பு).

இங்கே பெரிய ஆபத்து அக்கா அண்ணன்மார்களின் அறிவுரை. அவர்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரி. பழைய கால் ஸ்டேட் முறையில் விவாதப் பாடம் விமர்சனச் சிந்தனைப் பகுதியை நிரப்பியது. கால்-கெட்சியின் 1பி பகுதி எழுத்துப் பயிற்சியையும் கேட்கிறது, அதனால் விவாதப் பாடம் பெரும்பாலும் அங்கே செல்லாது; ‘எங்ல் சி1001’ எடுப்பதே பாதுகாப்பு. வாழ்நாள் கற்றல் என்று இருந்த பழைய ‘இ’ பகுதியும் இப்போது இல்லை. அதற்காக எடுக்கும் பாடம் வெறும் விருப்பப் பாடமாகத்தான் நிற்கும்.

ஏபி தேர்வுகள் சில பகுதிகளை நிரப்பும். ஏபி புள்ளியியலில் 3 இருந்தால் பகுதி 2 முடிந்தது. ஆனால் 1பி-க்கும் 1சி-க்கும் ஏபி உதவாது. அந்த இரண்டையும் காலேஜில் உட்கார்ந்துதான் முடிக்க வேண்டும்.

7. மேடைப்பேச்சு முதல் பருவத்தில், புள்ளியியல் முதல் வருடத்துக்குள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள்.

‘காம் சி1000’ ஒரே பாடம், மூன்று வேலை. கால்-கெட்சியின் 1சி அதுதான். ஏஏ-டியின் மேஜர் பட்டியலிலும் அது இருக்கும். கால் ஸ்டேட் சேர்க்கைக்குக் கட்டாயமான நான்கு அடிப்படைப் பாடங்களிலும் அது ஒன்று. மற்ற மூன்று: ஆங்கில எழுத்து, விமர்சனச் சிந்தனை, கணக்கு. இந்த நான்கும் சேருவதற்கு முந்தைய ஸ்பிரிங் முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

பேச்சு வகுப்பில் ஒவ்வொருவரும் பலமுறை எழுந்து பேச வேண்டும், அதனால் இடங்கள் குறைவு. பதிவு திறந்த வேகத்தில் நிரம்பிவிடும். “ஆன்ட்டி, பயமா இருந்துச்சு, கடைசி செமஸ்டருக்குத் தள்ளிட்டேன். இப்ப வெயிட்லிஸ்ட்ல பதினாலாவது ஆளா இருக்கேன்” என்று ஒரு பெண் ஜனவரியில் போன் செய்தாள். வேறொரு காலேஜில் ஆன்லைன் வகுப்பில் இடம் பிடித்து ஒருவழியாகத் தப்பித்தாள். கம்யூனிகேஷன் மேஜர் எடுத்த பிள்ளை பேச்சு வகுப்பைத் தள்ளிப்போடுவது எனக்கு இன்றும் விளங்காத விஷயம். அது ஒத்துவராது என்றால் மேஜரே ஒத்துவராது. அது முதல் பருவத்தில் தெரிவது எவ்வளவு நல்லது!

ஒரே பருவத்தில் மேடைப்பேச்சையும் விவாதத்தையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டிலும் பேச்சு நாள்கள் ஒரே வாரத்தில் வந்து மோதும்.

கணக்குக்கு வருவோம். நம் வீடுகளில் கால்குலஸ் எடுக்காவிட்டால் கணக்கே படிக்கவில்லை என்று ஒரு எண்ணம் உண்டு. இந்த மேஜருக்குப் புள்ளியியல்தான் பொருத்தம். பகுதி 2-ஐ நிரப்பும், கருத்துக்கணிப்பு, ஆய்வுமுறை என்று பின்னால் வருபவற்றுக்கு அதுவே அடித்தளம். கால்குலஸ் எடுத்து பி மைனஸ் தரத்தில் அல்லாடியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஒரு பைசா பிரயோசனம் இருக்கவில்லை. முதல் வருடத்துக்குள் முடிக்கச் சொல்வது, அந்த கிரேடு விண்ணப்பத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக.

8. 60 யூனிட் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பொதுக்கல்வி 34, மேஜர் 18, கூட்டினால் 52. மேடைப்பேச்சு இரண்டிலும் வருவதால் 3 கழித்தால் 49. மீதி 11 யூனிட் உங்கள் விருப்பம். உளவியலோ பண்பாட்டுக்கிடையிலான உரையாடலோ உங்கள் காலேஜில் பொதுக்கல்வி, மேஜர் இரண்டு பட்டியலிலும் இருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும்.

அந்த மிச்சத்தை யோகா வகுப்பில் செலவழிக்கும் முன் இரண்டு விஷயம். முதலாவது, அசிஸ்ட் தாள்களில் நீங்கள் மஞ்சளடித்த பாடங்களில் இன்னும் எடுக்காதவை. இரண்டாவது, கால் ஸ்டேட்டில் பட்டம் பெற அமெரிக்க வரலாறும் அரசியலமைப்பும் கட்டாயம். வரலாறு ஒன்று, ‘போல்ஸ் சி1000’ ஒன்று என்று எடுத்தால் பெரும்பாலும் நிறைவேறிவிடும். இந்த இரண்டையும் பகுதி 3, 4-க்கான பாடங்களாகவே தேர்ந்தெடுத்தால் கூடுதல் யூனிட்டே செலவாகாது.

மேல்வரம்பும் உண்டு. கம்யூனிட்டி காலேஜிலிருந்து 70 செமஸ்டர் யூனிட் வரைதான் பட்டக் கணக்கில் ஏறும். அதற்கு மேல் எடுத்தால் பாடத்தின் தேவை நிறைவேறும், யூனிட் ஏறாது. காலேஜ் பக்கம், 100 யூனிட்டைத் தாண்டினால் முன்கூட்டியே பதிவு செய்யும் உரிமை போய்விடும்.

பணத்தைப் பொறுத்தவரை, கலிபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760. சில்லறைக் கட்டணங்கள், புத்தகம் தனி. ஆக, தேவையற்ற ஒரு பாடத்தால் போகும் பணம் பெரிதல்ல; அது பிடித்துக்கொள்ளும் பருவத்து இடம்தான் விலை.

9. பருவம் பருவமாக நிரப்புங்கள்

செமஸ்டர் காலேஜுக்கு நான் போட்டுக் கொடுக்கும் மாதிரி இது. அப்படியே பிரதி எடுக்காதீர்கள், உங்கள் அசிஸ்ட் தாளோடு ஒத்துப்பாருங்கள்.

2026 ஃபால்: எங்ல் சி1000, காம் சி1000, சைக் சி1000, எத்னிக் ஸ்டடீஸ், கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் அறிமுகம். 15 யூனிட்.

2027 ஸ்பிரிங்: எங்ல் சி1001, 4 யூனிட் புள்ளியியல், இருவருக்கிடையிலான உரையாடல், கலைப் பாடம் ஒன்று. 13 யூனிட். புள்ளியியலும் இரண்டாம் ஆங்கிலமும் ஒன்றாக வருவதால் வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன்.

2027 சம்மர்: அமெரிக்க வரலாறு, 3 யூனிட். உங்கள் காலேஜ் பட்டியலில் அது 3பி-யிலும் இருந்தால் அந்தப் பகுதியும் முடிந்தது. இதோடு 31 யூனிட். இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று 11-வது படியில் வரும்.

2027 ஃபால்: விவாதம், பண்பாட்டுக்கிடையிலான உரையாடல், ஆய்வகத்தோடு உயிரியல், போல்ஸ் சி1000. 13 யூனிட். இந்தப் பருவத்தில்தான் விண்ணப்பங்களும் கட்டுரைகளும் எழுத வேண்டியிருக்கும். இதில் 17 யூனிட் போட்டவர்கள் நவம்பரில் கட்டுரையைக் கோட்டை விட்டார்கள், இல்லையென்றால் கிரேடைக் கோட்டை விட்டார்கள்.

2028 ஸ்பிரிங்: சிறுகுழு உரையாடல், நிலவியலோ (ஜியாலஜி) வானியலோ ஒன்று, பல்கலைக்கழகத் துறை கேட்கும் பாடம் ஒன்று, மீதி 7 யூனிட் விருப்பப் பாடங்கள். 16 யூனிட். மொத்தம் 60.

கூட்டிப் பார்க்கும்போது 59.5 வந்தால் அது 60 ஆகாது. அரை யூனிட்டுக்காக மே மாதத்தில் குறுகியகால வகுப்பு தேடி அலைந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாடம் கைவிட்டுப் போனாலும் தாங்குமாறு இரண்டு மூன்று யூனிட் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பருவத்துக்குத் தள்ளும் மேஜர் பாடம் அந்தப் பருவத்தில் நடத்தப்படுகிறதா என்று கடந்த இரண்டு வருட வகுப்பு அட்டவணையில் பாருங்கள். சிறிய காலேஜ்களில் விவாதப் பாடம் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும்.

10. இதன் பிறகு கவுன்சிலரிடம் போங்கள்

முதலில் கவுன்சிலர் (காலேஜின் கல்வி ஆலோசகர்), பிறகு திட்டம் என்றுதான் எல்லோரும் போகிறார்கள். அரை மணி நேரத்தில் வெறுங்கையோடு வருபவருக்கு ஒரு பொதுத்தாள்தான் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு வருடம் பழைய தாள். நிரப்பிய ஸ்ப்ரெட்ஷீட்டோடு போனால் அதே அரை மணி நேரத்தில் தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: முழுக் கல்வித் திட்டத்தைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். ஓரியன்டேஷனும் இந்தத் திட்டமும் முடித்தவர்களுக்குப் பதிவில் முன்னுரிமை உண்டு. பேச்சு வகுப்பில் இடம் பிடிக்க அது வேண்டும். சந்திப்பு முடிந்ததும் பேசியதைச் சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். அடுத்த முறை வேறு கவுன்சிலர் இருப்பார்.

11. விண்ணப்பப் பருவம்

யூசியின் ஆறு வளாகங்களில் டேக் எனப்படும் சேர்க்கை உறுதி உண்டு: டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ். செப்டம்பர் 1 முதல் 30 வரை, ஒரே ஒரு வளாகத்துக்கு அனுப்பலாம். எல்லா மேஜருக்கும் கிடையாது, ஜிபிஏ நிபந்தனை வளாகத்துக்கு வளாகம் மாறும். அனுப்பும்போது யூசிக்குச் செல்லும் 30 செமஸ்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும். சம்மரில் அந்த ஒரு வரலாற்றுப் பாடத்தை வைத்தது இதற்காகத்தான்.

டேக் அனுப்பினால் விண்ணப்பித்தாகிவிட்டது என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அது தனி, விண்ணப்பம் தனி. நவம்பர் கெடுவுக்குள் யூசி விண்ணப்பத்தையும் அனுப்பாவிட்டால் டேக் வெற்றுக் காகிதம்.

விண்ணப்பத்தில் படித்த எல்லா காலேஜையும் எல்லா கிரேடையும் போடுங்கள், கைவிட்ட பாடங்கள் உட்பட. யூசியில் ஜனவரி இறுதிக்குள் ஃபால் கிரேடுகளைச் சேர்த்து விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு வரும் மின்னஞ்சல் பொங்கல் விடுமுறைப் பயணத்தில் காணாமல் போவது வழக்கம்.

யூசிக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ கலிபோர்னியாவாசிக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8. அது கதவு மட்டும்தான். பலரும் போட்டி போடும் வளாகங்களில் சேர்ந்தவர்களின் ஜிபிஏ அதைவிட வெகு மேலே இருக்கும். சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்துத் திருத்திக்கொள்ளவும் முடியாது. சறுக்குகிறது என்று தெரிந்தால் கைவிடும் கடைசித் தேதிக்கு முன் யோசியுங்கள். கிரேடு இல்லாமல் தேர்ச்சி மட்டும் பதிவாகும் பாஸ், நோ பாஸ் முறையில் ஒளிந்துகொள்ளலாம் என்றால், யூசி அதை 14 செமஸ்டர் யூனிட்டோடு நிறுத்திவிடும்.

12. எச்-4 வீடுகளுக்கு ஒரு குறிப்பு

21 வயதானால் பிள்ளையின் எச்-4 (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான சார்பு விசா) முடிந்துவிடும். கம்யூனிட்டி காலேஜ் வழியாகப் போகும் பல பிள்ளைகளுக்கு அந்தப் பிறந்தநாள் டிரான்ஸ்ஃபர் நேரத்தில்தான் வருகிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும், அந்த 12-ல் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், 3 யூனிட் வரை, கணக்கில் வரும். கட்டண வகையும் மாறக்கூடும். ஸ்ப்ரெட்ஷீட்டின் தலையில் பிறந்த தேதியை எழுதி, அந்தப் பருவத்தில் ஆன்லைன் பாடங்களை அடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரிடமும் காலேஜின் குடியிருப்புப் பிரிவிலும் ஒரு வருடம் முன்பே பேசிவிடுங்கள்.

13. கடைசிப் பருவத்தில் கையெழுத்து வேலைகள்

பட்டம் தானாக வராது. ஏஏ-டிக்குத் தனியாக மனு போட வேண்டும், பெரும்பாலும் கடைசிப் பருவத்தின் தொடக்கத்தில் கெடு இருக்கும். 60 யூனிட்டும் முடித்து மனு போடாமல் விட்டவருக்கு, முடித்ததற்கு ஆதாரம் இல்லை. கால்-கெட்சி சான்றுக்கும் அப்படியே, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இடம் கிடைத்த பிறகு ஒரு பாடத்தை மாற்றினாலோ விட்டாலோ பல்கலைக்கழகத்துக்கு உடனே தெரிவியுங்கள். விண்ணப்பத்தில் திட்டமிட்டதாகச் சொன்ன பாடங்களை நம்பித்தான் சேர்த்திருக்கிறார்கள். சொல்லாமல் விட்டால் கொடுத்த இடத்தைப் பல்கலைக்கழகம் ரத்து செய்துவிட முடியும்.

இறுதி டிரான்ஸ்கிரிப்டுக்கான கெடு பெரும்பாலும் ஜூலையில் வரும். செமஸ்டர் முடிந்த மறுநாளே ஆர்வத்தில் ஆர்டர் செய்தால் ஸ்பிரிங் கிரேடு இல்லாத தாள்தான் போகும். ஆர்டர் பக்கத்தில் ‘பட்டம் பதிவான பிறகு அனுப்பு’ என்று ஒரு தேர்வு இருக்கும், அதை அழுத்துங்கள். எத்தனை காலேஜில் படித்தீர்களோ அத்தனையிலிருந்தும் ஒவ்வொன்று போக வேண்டும். சம்மரில் ஒரே ஒரு பாடம் எடுத்த அந்தப் பக்கத்து ஊர் காலேஜும் அதில் சேர்த்தி.